ஓய்வு பெற்ற பிறகு மலையேறிய எவ்லின் அம்மையார்



சென்ற பொதுக்குழுக் கூட்டத்தில் நடந்த ஒரு விவாதம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். காலமான ஒரு பெரியவரின் நினைவாக நுழைவாயில் பக்கம் சிமெண்ட் பெஞ்ச் ஒன்று போட்டுத் தருகிறோம் என்று அவர் பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். பெஞ்ச் வேண்டுமா என்று யாரும் பேசவில்லை. பெயர்ப் பலகை எவ்வளவு பெரிதாக இருக்கலாம், நாளைக்கு வேறொருவர் கேட்டால் அவருக்கும் கொடுக்க வேண்டுமே என்பதிலேயே அரை மணி நேரம் போய்விட்டது. கடைசியில் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" என்று முடித்தோம்.

அன்று நான் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவள் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு தொகையை டெபாசிட்டில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை முதிர்ச்சி அடையும்போதும் புதுப்பித்துக்கொண்டே வருகிறேன். என்ன செய்வது என்று தெரியாததுதான் காரணம். நினைவுப் பலகையின் நீளத்தைப் பற்றிப் பேச எனக்கு என்ன யோக்கியதை?

அதற்குப் பிறகு மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு சரித்திரத்தைத்தான் இந்த இதழுக்கு எழுதியிருக்கிறேன். இது நமக்கு அருகில் நடந்த கதை. வானம் தெளிவாக இருக்கும் நாளில் நம் மொட்டை மாடியில் நின்று மேற்கே பாருங்கள். நீல நிறத்தில் நீளமாகப் படுத்திருப்பது பச்சைமலை. அதற்கும் அப்பால் நாமக்கல் மாவட்டத்தில் இருப்பது கொல்லிமலை. துறையூர், நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை வந்துவிடும். அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கை அருவிக்கும் நம் குடியிருப்பிலிருந்தே வேன் பிடித்துப் போய் வந்திருக்கிறோம். வல்வில் ஓரி ஆண்ட மலை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருக்கிறோம். ஆனால் அந்த மலையில் ஒரு வெளிநாட்டுப் பெண்மணி, கணவர் இறந்த பிறகும் வருடக்கணக்கில் வாழ்ந்து அந்த மண்ணிலேயே அடங்கியிருக்கிறார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

லண்டனிலிருந்து சேந்தமங்கலம்

அவர் பெயர் எவ்லின். 1879-ல் பிறந்தவர். லண்டனில் வசதியான வியாபாரக் குடும்பம். ஓவியம் தீட்டக் கற்றவர், நல்ல உடைகளில் விருப்பம் உள்ளவர். அப்படிப்பட்டவர் 30 வயதைக் கடந்த பிறகு, கிறிஸ்தவ ஊழியத்துக்கு என்று வீட்டாரின் தயக்கத்தையும் மீறி 1911-ல் சென்னைக்குக் கப்பலேறினார்.

ஜெஸ்ஸி பிராண்ட் அவருக்கு முன்பே, 1907-ல் வந்துவிட்டவர். அவரைவிட ஆறு வயது இளையவர். இங்கிலாந்தில் கட்டட வேலை தெரிந்தவர். வெப்ப நாடுகளின் நோய்களைப் பற்றி ஒரு வருடம் படித்திருந்தார். முழு மருத்துவர் அல்லர். கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள சேந்தமங்கலத்தில் அவர்களது மிஷனுக்கு ஒரு நிலையம் இருந்தது. 1913 ஆகஸ்டில் அங்கே இருவருக்கும் திருமணம் நடந்தது. மணம் முடிந்த கையோடு இருவரும் மலையேறினார்கள்.

அன்று அங்கே சாலை கிடையாது. இன்றைக்கு நாம் எண்ணி எண்ணி வீடியோ எடுக்கும் 70 வளைவுகளில் ஒன்றுகூட இல்லை. ஒற்றையடிப் பாதையில் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் டோலியில் தூக்கிப் போக வேண்டும். மலேரியாவுக்குப் பயந்து சமவெளி ஆட்கள் இரவில் மலையில் தங்க மாட்டார்கள். மலைமேல் இருந்தவர்கள் மலையாளிகள் என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்காரர்கள் அல்லர், மலையை ஆளும் தமிழர்கள். பச்சைமலையிலும் கல்வராயன் மலையிலும் இருப்பவர்கள் அவர்களே.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தத் தம்பதி மலையேறிய முதல் நோக்கம் மதம் பரப்புவது. அதில் அவர்கள் எதையும் ஒளிக்கவில்லை, நாமும் ஒளிக்க வேண்டியதில்லை. ஆண்டது அவர்கள் நாட்டு அரசு என்பதும் உண்மை. மலை மக்களுக்குத் தங்கள் தெய்வங்கள் இருந்தன, திருவிழாக்கள் இருந்தன. வந்தவர்கள் பேசியதை அவர்கள் வருடக்கணக்கில் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மதுரகாளியம்மனைக் கும்பிடுகிற நான் அந்த மக்களின் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். இந்தக் கட்டுரை அந்த நோக்கத்துக்காக எழுதப்படவில்லை. அந்தப் பெண்மணி அங்கே செய்த வேலைக்காகவும், அதை அவர் எப்போது, எதற்காகச் செய்தார் என்பதற்காகவும் எழுதுகிறேன்.

ஒரு புழுவும் ஒரு கிணறும்

மலையில் ஜெஸ்ஸி வீடு கட்டினார், தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், ஓடு செய்யவும் பட்டுப்புழு வளர்க்கவும் பழக்கினார். ஆரஞ்சு போன்ற மரங்களை நட்டார். பல் பிடுங்கினார், புண் கட்டினார். அவர் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது நரம்புச்சிலந்தியோடு நடத்திய போராட்டம்.

நம் வயதுக்காரர்களில் சிலர் இந்தப் பெயரைக் கேட்டிருக்கலாம். இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் படிக்கட்டுக் கிணறுகள் உண்டு. காலை நனைத்துக்கொண்டு இறங்கிக் குடத்தை நிரப்புவார்கள். நரம்புச்சிலந்தி உள்ளவரின் காலில் ஒரு கொப்புளம் இருக்கும். தண்ணீர் பட்டதும் அதிலிருந்து புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டுவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவுள்ள நீர்ப்பூச்சி ஒன்று அவற்றைத் தின்னும். அந்தத் தண்ணீரைக் குடிப்பவரின் வயிற்றுக்குள் பூச்சி செத்துவிடும், புழு பிழைத்துவிடும். சுமார் ஒரு வருடம் உடம்புக்குள் வளர்ந்து, மூன்றடி நீளம்வரைகூட ஆகி, காலில் கொப்புளமாக எட்டிப்பார்க்கும். வெட்டி இழுக்க முடியாது. அறுந்தால் புண் சீழ் பிடிக்கும். ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே எடுக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். அறுவடை நேரத்தில் வந்தால் குடும்பமே பட்டினி.

இதற்கு மருந்து இல்லை, இன்றுவரை தடுப்பூசியும் இல்லை. வழி ஒன்றுதான்: நோயாளியின் கால் குடிதண்ணீரில் படக் கூடாது, குடிக்கும் தண்ணீரைத் துணியில் வடிகட்ட வேண்டும். ஜெஸ்ஸியும் எவ்லினும் கிணற்றைச் சுற்றிக் கல் சுவர் எழுப்பச் சொன்னார்கள். இறங்கி எடுக்காமல் வாளி விட்டு இறைக்கச் சொன்னார்கள். கேட்க எளிது, ஆனால் பாட்டன் காலத்துப் பழக்கத்தை மாற்ற ஒரு பிரசங்கம் போதாது. ஊர் ஊராக, கிணறு கிணறாக, ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். பிற்காலத்தில் எவ்லின் தனியாளாகவும் இதைத் தொடர்ந்தார். அவர் சுற்றிய பகுதிகளில் இந்த நோய் அநேகமாக ஒழிந்துபோனது என்று அவர் மகன் எழுதியிருக்கிறார்.

இந்திய அரசு இதற்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது 1980-களில்தான். நாட்டின் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில் பதிவானார். 2000-ல் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவுக்குச் சான்றிதழ் கொடுத்தது. அந்தத் திட்டத்திலும் அடிப்படை வேலை அதேதான்: கிணற்றைக் காப்பது, தண்ணீரை வடிகட்டுவது.

மலை மக்கள் இவர்களை ஏற்றுக்கொண்டதற்கு ஒரு சம்பவத்தைக் காரணமாகச் சொல்வார்கள். இவர்களை எதிர்த்து வந்த பூசாரி ஒருவர் கடும் காய்ச்சலில் விழுந்தார். தொற்றுக்குப் பயந்து மற்றவர்கள் ஒதுங்கியபோது அவரைப் பார்த்துக்கொண்டது இந்தத் தம்பதிதான். சாகும் தறுவாயில் அவர் தன் பெண் குழந்தையை அவர்கள் கையிலேயே ஒப்படைத்தார். அதன்பின் ஆதரவற்ற குழந்தைகள் பலர் அந்த வீட்டில் வளர்ந்தார்கள்.

1929

இவர்களுக்கு இரண்டு குழந்தைகள். மகன் பால் 1914-ல் பிறந்தான், இரண்டு வருடம் கழித்து மகள் கோனி. 1923-ல் படிப்புக்காக இருவரையும் இங்கிலாந்தில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அப்போது பாலுக்கு ஒன்பது வயது.

1929 ஜூன் 15 அன்று ஜெஸ்ஸி இறந்தார். வயது 44. கருநீர்க் காய்ச்சல் என்று சொல்லப்படும் நோய். மலேரியாவின் கொடிய முகம் அது. ரத்தத்தின் சிவப்பணுக்கள் ஒட்டுமொத்தமாக உடைந்து சிறுநீர் கறுத்துவிடும். மலைமேல், மருத்துவமனை எட்டாத தூரத்தில், எவ்லின் பக்கத்தில் இருந்தார். அவருக்கு வயது 50.

லண்டனில் இருந்த பிள்ளைகளுக்குத் தந்தி போனது. தந்தி வேகமாகப் போய்விடும், கடிதம் கப்பலில் வர வேண்டும். அப்பா இறந்துவிட்டார் என்று தெரிந்த பிறகும் பல வாரங்கள் அப்பாவின் கடிதங்கள் பாலுக்கு வந்துகொண்டே இருந்தன. மரங்களைப் பற்றி, மலையைப் பற்றி, நீ வரும்போது காட்டுகிறேன் என்கிற மாதிரியான கடிதங்கள். பாலுக்கு அப்போது 15 வயதுகூட நிறையவில்லை. இதை முதலில் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் மனைவி போன பிறகு அவளுடைய செல்போனுக்குக் கண்ணாடிக் கடையிலிருந்து "உங்கள் கண்ணாடி தயார்" என்று செய்தி வந்தது. உங்களில் சிலருக்கும் இப்படி ஏதாவது வந்திருக்கும்.

எவ்லின் இங்கிலாந்துக்குப் போனார், பிள்ளைகளைப் பார்த்தார். அங்கேயே இருந்திருக்கலாம், எல்லோரும் அதைத்தான் எதிர்பார்த்தார்கள். அவர் திரும்பி வந்தார். காரணம் ஒரு வாக்கு. கொல்லிமலை ஒன்றோடு நிற்காமல் சுற்றியுள்ள ஐந்து மலைத்தொடர்களிலும் வேலை செய்ய வேண்டும் என்று கணவனும் மனைவியும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். அந்த ஐந்தில் நம் பச்சைமலையும் ஒன்று, கல்வராயன் மலையும் ஒன்று. ஒரு மலையை முடிப்பதற்குள் ஒருவர் போய்விட்டார். மிச்சக் கணக்கு மற்றவர் பேரில் நின்றது.

ஓய்வு வயதில் ஒரு ராஜினாமா

அடுத்த 18 வருடத்தில் பெரும்பகுதி அவர் விருப்பப்படி அமையவில்லை. மிஷன் அவரைச் சமவெளி வேலைக்குப் போட்டது. விடுமுறை கிடைத்தபோதெல்லாம் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்வருவார். 1947-ல், 68 வயதில், இன்னொரு ஐந்து வருடம் பணி நீட்டிப்புக் கேட்டார். தலைமை அலுவலகம் மறுத்துவிட்டது. வயது காரணம். ஒரு வருடமாவது கொடுங்கள் என்று மன்றாடி வாங்கினார்.

அந்த வருடத்தில் அவர் செய்ததைப் படித்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். மலையில் ஒரு சிறு குடிசைக்கு வேண்டிய சாமான்களைச் சத்தமில்லாமல் சேர்த்துவிட்டார். வருட முடிவில் சக ஊழியர்கள் வழியனுப்பத் தயாரானார்கள். அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார்: நான் மிஷனிலிருந்து ஓய்வு பெறுகிறேன், ஆனால் ஊருக்குப் போகவில்லை, மலைக்குப் போகிறேன்.

அன்று முதல் அவர் யாருடைய ஊழியரும் அல்லர். சம்பளம் இல்லை, பதவி இல்லை, பின்னால் நிற்க அலுவலகம் இல்லை. இன்றைய பேச்சில் சொன்னால் தன்னார்வலர். நம்மில் பலரும் 58-லோ 60-லோ மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவர்கள். அந்த அம்மாள் அந்த வயதைத் தாண்டி எட்டு வருடம் கழித்து, உண்மையான வேலையைத் தொடங்கினார்.

அதன்பின் 24 வருடங்களுக்கு மேல். மட்டக்குதிரையில் ஏறி ஊர் ஊராகப் போனார். மண் சுவர் வீட்டில் இருந்தார். எண்ணெய் விளக்கில் படித்தார். பல முறை குதிரையிலிருந்து விழுந்தார், எலும்பு முறிந்தது, காய்ச்சல் வந்தது. பிற்பாடு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். அழகை விரும்பிய அந்த ஓவியக்காரி, கடைசி 20 வருடங்கள் வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை.

75 வயதில் ஒரு நாள் வீட்டிலேயே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இரவு முழுக்கத் தரையில் கிடந்தார். காலையில் வேலைக்காரர் வந்து பார்த்தார். நான்கு பேர் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்து மலைப்பாதையில் தூக்கி இறக்கினார்கள். பிறகு ஜீப்பில், குண்டும் குழியுமான சாலையில் 240 கிலோமீட்டர்.

அதற்குள் மகன் பால் பிராண்ட் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பெயர்பெற்ற அறுவை சிகிச்சை நிபுணர். அவர் 1946-ல் வேலூருக்கு வந்தார். தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநார் மாற்று அறுவை மூலம் நிமிர்த்திக் காட்டி உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தவர். சின்ன வயதில் அப்பா சீழ் எடுப்பதைப் பார்த்து மருத்துவமே வேண்டாம் என்று, அப்பாவைப் போலக் கட்டட வேலைதான் முதலில் பழகினார். அது தனிக்கதை.

அந்தப் பெரிய டாக்டர் மலையேறி வந்து அம்மாவிடம் கெஞ்சினார். தனியாக இருக்க வேண்டாம், கீழே வந்துவிடுங்கள் என்றார். அம்மாவின் பதிலை அவரே எழுதி வைத்திருக்கிறார். சுருக்கம் இது: நான் போய்விட்டால் இவர்களுக்குப் புண் கட்டுவது யார், பல் பிடுங்குவது யார்? என் இடத்துக்கு ஒருவர் வரட்டும், அன்று வருகிறேன். உபயோகம் இல்லாமல் இந்தக் கிழட்டு உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன ஆகப் போகிறது?

93 வயதுவரை குதிரைச் சவாரி. அதன்பின் உட்கார முடியாமல் போனபோது மலை மக்கள் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். 1974 டிசம்பர் 18-ல் காலமானார். வயது 95. அவர் விரும்பியபடி பெட்டி இல்லாமல் ஒரு பருத்தித் துணியில் சுற்றி, கொல்லிமலையில் கணவரின் அருகிலேயே அடக்கம் செய்தார்கள். டாரதி கிளார்க் வில்சன் என்ற எழுத்தாளர் 1976-ல் அவர் வரலாற்றைப் புத்தகமாக எழுதினார். பெயர் 'கிரானி பிராண்ட்'. பிராண்ட் பாட்டி என்று நாம் சொல்லலாம்.

நினைவுக்கு மூன்று கணக்குகள்

நான் வணிகவியல் படித்தவன், எதையும் தலைப்பு போட்டுப் பிரித்தால்தான் எனக்கு விளங்கும். இறந்தவர் நினைவாக மனிதர்கள் செய்வதை மூன்று தலைப்பில் எழுதலாம்.

முதலாவது பணம். வேலூர் ஆஸ்பத்திரியின் தொடக்கம் உங்களுக்குத் தெரியுமா? ஷெல் என்ற அமெரிக்க வங்கிக்காரர் இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அதில் எழுந்ததுதான் 1902-ல் திறக்கப்பட்ட மேரி டேபர் ஷெல் நினைவு மருத்துவமனை. 40 படுக்கைகள். அந்தப் பணத்தை வாங்கி வந்து உழைத்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர். ஒரு வங்கிக்காரரின் துக்கம் நம் பக்கத்து ஜில்லாக்காரர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி ஆனது. வங்கி இனத்தைச் சேர்ந்தவன் என்கிற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு.

இரண்டாவது நிறுவனம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த வேதனையை அவர் வருடக்கணக்கில் சுமந்து, அலைந்து, பணம் திரட்டி, 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுப்பினார்.

மூன்றாவது உடம்பு. பணமும் இல்லை, கட்டடமும் இல்லை. போனவர் விட்ட இடத்தில் போய் நிற்பது. எவ்லின் செய்தது அது. இங்கே ஒரு சின்னக் கணக்கு. அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது 1913 முதல் 1929 வரை, 16 வருடம். அவர் தனியாக வாழ்ந்தது 45 வருடம். அசலைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இப்போதெல்லாம் வெளிநாட்டுப் பிள்ளைகள் இரண்டு வாரம், ஒரு மாதம் என்று தொண்டு செய்ய வருகிறார்கள். நம் பேரப்பிள்ளைகளும் அப்படி வேறு நாடுகளுக்குப் போகிறார்கள். போகட்டும், நல்லதுதான். ஆனால் கிணற்றுச் சுவர் கட்டுவது இரண்டு வாரம், கிணற்றுப் பழக்கத்தை மாற்றுவது 20 வருடம். ஜனங்களின் மொழி பேசத் தெரிந்து, அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் நடக்கும் பாதையில் விழுந்து எழுந்தால்தான் அது நடக்கும்.

என் கதை கொஞ்சம்

இதையெல்லாம் ஏன் உங்களிடம் சொல்கிறேன்?

பச்சைமலை அடிவாரத்தில் ஒரு கிளையில் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். ஒரு நாள் மலையிலிருந்து ஒரு பாட்டி பணம் எடுக்க வந்தார். கைநாட்டுக் கணக்கு, பாஸ்புக்கில் போட்டோ கிழிந்துபோயிருந்தது. "புது போட்டோ எடுத்துக்கிட்டு நாளைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். விதிப்படி நான் சொன்னது சரி. நான்காம் நாள்தான் அவர் வந்தார். நடந்து இறங்கி, பஸ் பிடித்து, துறையூர் போய் போட்டோ எடுத்து, மறுபடி மலையேறி, மறுபடி இறங்கி. "நாளைக்கு" என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவ்வளவு தூரம். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி சிரிக்கவில்லை. "36 வருஷம் சம்பளம் வாங்கிக்கிட்டு கவுண்டருக்கு அந்தப் பக்கம் உக்காரப் போறீங்க. ரிட்டயர் ஆனதும் ஒரு நாளாவது இந்தப் பக்கம் உக்காந்து பாருங்க" என்றாள். நான் ஓய்வு பெற்று எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அவளும் போய்விட்டாள். அந்த ஒரு நாள் வரவில்லை.

என் மகள் மெல்பர்னில் இருக்கிறாள். "அப்பா, தனியா எதுக்கு? பிளாட்டைப் பூட்டிட்டு இங்க வந்துடுங்க" என்று வாரம் தவறாமல் சொல்கிறாள். பால் பிராண்ட் அம்மாவிடம் கெஞ்சியதைப் போலவே. அவள் சொல்வதில் தப்பே இல்லை. எனக்கு சர்க்கரை, முழங்கால் வலி, ராத்திரியில் பேச ஆள் இல்லை. போன மாதம் விசாவுக்குப் படிவம்கூட நிரப்பிவிட்டேன்.

அதை அனுப்பவில்லை. அதற்குப் பதிலாக, சென்ற மாதம் முதல் செவ்வாயும் வியாழனும் காலை 10 மணிக்கு ஊருக்குள் ஒரு டீக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்கிறேன். கடைக்காரர் இடம் கொடுத்திருக்கிறார். முதியோர் பென்ஷன் வராதவர்கள், விரல்ரேகை தேய்ந்து மிஷினில் விழாதவர்கள், நூறு நாள் வேலைக் கூலி எந்தக் கணக்குக்குப் போனது என்று தெரியாதவர்கள், செத்துப்போன கணவரின் கணக்கை மாற்றத் தெரியாத பெண்கள் வருகிறார்கள். சலான் எழுதுகிறேன், மனு எழுதுகிறேன், தேவைப்பட்டால் கூடவே வங்கிக்குப் போகிறேன். முதல் நாள் யாருமே வரவில்லை. இரண்டு டீ குடித்துவிட்டு வந்தேன். மூன்றாம் வாரம் ஒன்பது பேர். கடைக்காரர், "சார், உங்களால டீ வியாபாரம் கூடுது" என்கிறார்.

இது மலையேறுவது அல்ல, எனக்குத் தெரியும். குதிரை இல்லை, காய்ச்சல் இல்லை, மதியம் 12 மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுகிறேன். எவ்லின் அம்மையாரோடு என்னை ஒப்பிட்டால் மதுரகாளியம்மனே மன்னிக்க மாட்டாள். ஆனால் என் மனைவி விட்டுப்போன வேலை எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த டெபாசிட்டிலிருந்து போட்டோ எடுக்கும் செலவும் பஸ் செலவும் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிறேன். பலகை எதுவும் வைக்கவில்லை.

நம் ஊர்க் கோயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கணவனை இழந்து மதுரையை எரித்த கண்ணகிதான் இங்கே வந்து சாந்தமாகி மதுரகாளியாக அமர்ந்தாள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திங்களும் வெள்ளியும் நடை திறக்கும். அதனால்தான் நான் செவ்வாயையும் வியாழனையும் தேர்ந்தெடுத்தேன், அம்மனோடு போட்டி வேண்டாம் என்று!

பெஞ்ச் விஷயத்தில் என் ஓட்டு: போடலாம், பெயரும் எழுதலாம், எந்த அளவிலும் எழுதலாம். ஆனால் அந்தப் பெரியவரின் பிள்ளைகளிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். உங்கள் அப்பா பாதியில் விட்ட வேலை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதில் வாரம் இரண்டு மணி நேரம் போதும்.

டீக்கடையில் இன்னொரு நாற்காலிக்கு இடம் இருக்கிறது. நம் குடியிருப்பில் ஓய்வு பெற்ற தாசில்தார் அலுவலகக்காரர் இருக்கிறார், ஆசிரியைகள் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த சகோதரி இருக்கிறார். எனக்கு ஆதார் திருத்தம் சரியாக வரவில்லை, யாராவது சொல்லிக்கொடுத்தால் நல்லது.

மகளுக்கு: படித்துவிட்டுக் கோபப்படாதே அம்மா. தை மாதம் ஒரு மாதம் வருகிறேன். திரும்பி வருவதற்கும் சேர்த்தே டிக்கெட் போடு.